நான்கு மணிக்கே இருட்டும் ஊரில் நான்கு வயதுக் குழந்தை

டிசம்பர் விடுமுறைக்கு லண்டன் போகிறோம் என்று சொன்னதும் வீட்டுக் குட்டி கேட்கும் முதல் கேள்வி, "அங்கே ஸ்னோ இருக்குமா?" என்பதுதான். கடைத்தொகுதி வாசலில் ஆண்டிறுதியில் தூவப்படும் சோப்பு நுரையைத்தான் அது இதுவரை பனி என்று நம்பி ஆடியிருக்கிறது. உண்மையான பனி கிடைக்கும் என்றால் சும்மா இருக்குமா? பெற்றோரும் பிள்ளையின் உற்சாகத்தைக் கெடுக்க மனமின்றி, "ஓ, நிறைய இருக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ஒரு வாக்குறுதியை மட்டும் கொடுக்காதீர்கள். டிசம்பரில் லண்டனின் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 8 அல்லது 9 டிகிரி செல்சியஸ். இரவில் 3, 4 டிகிரிவரை இறங்கும். கைவிரல் விறைக்க அது போதும். பனி பெய்யப் பெரும்பாலும் போதாது. வானத்திலிருந்து விழுவது அநேகமாகத் தூறல் மழையாகத்தான் இருக்கும். வாழ்த்து அட்டையில் உள்ள வெண்பனி லண்டனைத் தேடி வந்த குழந்தை, மூன்றாம் நாள் ஈரக் காலுறையோடு நின்று அழுவதுதான் மிச்சமாகும்.

அதற்குப் பதில், நிச்சயமாக நடக்கப்போவதைச் சொல்லி அழைத்துச் செல்லலாம். பேசும்போது வாயிலிருந்து புகை வரும். மரங்களில் ஓர் இலைகூட இருக்காது. சாயங்காலம் நான்கு மணிக்கே இருட்டிவிடும், எல்லா விளக்கும் எரியும். இந்த மூன்றும் நம் ஊர்ப் பிள்ளைகள் காணாதவை. என் மகள் முதல் நாள் மொட்டை மரங்களைப் பார்த்துவிட்டு, "அம்மா, எல்லா மரமும் செத்துப்போச்சா?" என்று கேட்டாள். இல்லை, தூங்குகிறது என்று சொன்னேன். அதன்பிறகு மரத்தடியில் நடக்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஆண்டிறுதியில் லண்டன் பயணம் மலிவானதல்ல. பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு மூன்றும் சேர்ந்து வருவதால் விமானக் கட்டணமும் ஹோட்டல் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். பல குடும்பங்களுக்கு அது ஓராண்டு போனஸ். அவ்வளவு செலவழித்துப் போய், பாதி நாளைக் குழந்தையைச் சமாதானப்படுத்துவதிலேயே கழித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நம்மிடையே குறைவில்லை. குழந்தையின் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டமிட்டால் அந்தத் தொல்லையில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

<b>ஊர் லண்டன், உடம்பு சிங்கப்பூர்</b>

குளிர்காலத்தில் லண்டன் நேரம் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குத் தூங்கிப் பழகிய குழந்தைக்கு, லண்டனில் நண்பகல் 12 மணி ஆகும்போதே கண் சொருகும். மாலை நான்கு மணி என்பது அதன் உடம்புக்கு நள்ளிரவு.

இங்கேதான் சிக்கல். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லண்டனில் காலை எட்டு மணியளவில்தான் சூரியன் உதிக்கிறது. நான்கு மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடுகிறது. ஊரே பார்க்க வரும் விளக்கு அலங்காரம் களைகட்டுவது அதற்குப் பிறகு. ஆக, நாம் பணம் கட்டிக் காண வந்த காட்சி தொடங்கும் நேரமும், பிள்ளை உடைந்து அழும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. நேர வேறுபாடு பழக, மணிக்கு ஒரு நாள் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். மேற்கு நோக்கிப் போகும்போது கொஞ்சம் சீக்கிரம் பழகும். எப்படிப் பார்த்தாலும் முதல் மூன்று நாள் பிள்ளை நம் வழிக்கு வராது.

கிழக்கு லண்டனில் பல ஆண்டுகளாக வசிக்கும் என் அக்கா இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "பாப்பாவை எங்கே கூட்டிட்டுப் போறதா இருந்தாலும் காலையிலேயே போயிட்டு வந்துடு. மூணு மணிக்கு மேலே அவகிட்ட எதையும் எதிர்பார்க்காதே."

விளக்குகளை ஐந்தாம், ஆறாம் நாளுக்குத் தள்ளி வையுங்கள். முதல் சில நாள்களில் விடியலுக்கு வெகு முன்பே எழுந்துவிடும் பிள்ளையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அறையில் சிறு பொம்மை, வரைதாள், பிஸ்கட் இருக்கட்டும். வெளிச்சம் வந்ததும் பூங்காவுக்குக் கிளம்புங்கள். பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அருகிலுள்ள செயின்ட் ஜேம்ஸ் பூங்கா அதிகாலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். வாத்தும் அணிலும் அங்கே தாராளம். 1664ல் ரஷ்யத் தூதர் அன்பளிப்பாகத் தந்ததிலிருந்து அங்கே கூழைக்கடாக்களும் வாழ்ந்து வருகின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது, வரிசை கிடையாது.

விளக்குக் காண வேண்டிய நாளில், நண்பகல் உணவுக்குப் பின் தள்ளுவண்டியிலோ அறையிலோ இரண்டு மணி நேரம் தூங்க விடுங்கள். நான்கு மணிக்கு எழுப்பி வெளியே அழைத்துவந்தால் ஆறு மணிவரை தாக்குப்பிடிக்கும். அந்த இரண்டு மணி நேரம் ரீஜண்ட் ஸ்திரீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

<b>வெங்காயம்போல் உடுத்த வேண்டும்</b>

குளிர் என்றதும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், பார்ப்பதிலேயே தடித்த கோட்டாகத் தேடி வாங்குவது. அதைப் போட்ட பிள்ளை கையை மடக்க முடியாமல் நிற்கும். ஒரு தடித்த உடையைவிட மூன்று மெல்லிய அடுக்குகளே மேல். உடலோடு ஒட்டும் உள்ளாடை ஒன்று, அதன்மேல் கம்பளியாலோ ஃபிலீஸ் துணியாலோ ஆன சட்டை, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் உள்ளே போட ஏற்றதல்ல. வியர்த்த பிள்ளை வெளியே வந்ததும் அந்த ஈரமே நடுங்க வைக்கும்.

லண்டனில் வெளியே எவ்வளவு குளிரோ, உள்ளே அவ்வளவு வெக்கை. கடைகளிலும் அரும்பொருளகங்களிலும் வெப்பமூட்டிகள் ஓடும். சில சுரங்க ரயில் தடங்களில் டிசம்பரிலும் புழுக்கமாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் மேலடுக்கைக் கழற்றுவதும், வெளியேறுமுன் திரும்பப் போடுவதும் ஒரு நாளில் பத்து முறையாவது நடக்கும். ஆகவே பொத்தான் வேண்டாம், ஜிப் போதும். விரல் பிரிந்த கையுறையும் வேண்டாம். நாலு விரலும் ஒரே பையில் போகும் கையுறை, அதுவும் இரண்டையும் கயிற்றால் இணைத்ததாக இருந்தால் தொலையாது.

ஒன்றை மட்டும் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் நமக்கு உடம்பு சூடேறும். வண்டியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஏறாது. நமக்கு வியர்க்கிறதே என்று அதன் போர்வையை விலக்கிவிடக் கூடாது. பிள்ளையின் பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கு அதிகம். சில்லென்று இருந்தால் ஓர் அடுக்கு குறைவு.

வறண்ட காற்றில் உதடும் கன்னமும் வெடிக்கும். பாட்டி கொடுத்தனுப்பும் தேங்காய் எண்ணெய் குளிரில் கல்லாகிவிடும் என்பதால் பெட்ரோலியம் ஜெல்லி வைத்துக்கொள்வது வசதி. வெந்நீரில் நீண்ட நேரம் குளிப்பாட்டினால் தோல் இன்னும் வறளும்.

<b>தள்ளுவண்டியும் படிக்கட்டும்</b>

பிள்ளை நன்றாக நடக்கிறதே, வண்டி எதற்கு என்று நினைக்காதீர்கள். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் லண்டனில் வண்டி தேவைப்படும். மடக்கினால் தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய இலேசான வண்டியாக இருப்பது நல்லது. ஏனென்றால் நம் பெருவிரைவு ரயில் நிலையங்களைப்போல் அங்கே எல்லா நிலையத்திலும் மின்தூக்கி கிடையாது. நகர மையத்தில் பல நிலையங்கள் நூறாண்டுக்கும் மேல் பழையவை. கோவென்ட் கார்டன் நிலையத்தின் சுழல் படிக்கட்டில் மட்டும் 193 படிகள்! அங்கு மின்தூக்கி இருக்கிறது. கூட்டம் பார்த்து மலைத்துப் படியில் ஏறத் தொடங்கினால் நடுவில் நிற்க வேண்டியதுதான்.

எலிசபெத் ரயில் தடத்தின் எல்லா நிலையங்களிலும் தெருவிலிருந்து நடைமேடைவரை படியே ஏறாமல் போகலாம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவே செல்லும் தடம் அது. தங்குமிடத்தை அந்தத் தடத்திற்கு அருகில் பார்த்துக்கொண்டால் பெட்டி, வண்டி, பிள்ளை மூன்றையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை லண்டன் பிள்ளைகளிடம் பரிவானது. 11 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பேருந்தில் கட்டணமில்லை. சுரங்க ரயிலிலும், கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு நான்கு பிள்ளைகள்வரை இலவசமாகப் போகலாம். பெரியவர்களுக்குப் பேருந்துக் கட்டணம் 2025ல் 1.75 பவுண்டு; ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்து மாறினாலும் அதே கட்டணம்தான்.

சுற்றுலாப் பேருந்துக்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. ரீஜண்ட் ஸ்திரீட் வழியே போகும் சாதாரண இரண்டடுக்குப் பேருந்தில் ஏறி, மாடியில் முன் இருக்கையைப் பிடித்துவிட்டால் போதும். தலைக்கு நேரே சிறகு விரித்த ஒளித் தேவதைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். 1954லிலிருந்து அந்தத் தெரு கிறிஸ்துமஸுக்கு ஒளியூட்டப்பட்டு வருகிறது. கீழே நடைபாதையில் கூட்டம் நெருக்கியடிக்கும். நான்கு வயதுக் குழந்தையின் உயரத்தில் தெரிவது பெரியவர்களின் முழங்கால்கள் மட்டுமே. பேருந்து மாடியில் அது ராஜாவாக உட்கார்ந்து வரும்.

<b>ஒரு நாளைக்கு ஒன்று</b>

லண்டனில் பார்க்க வேண்டியவை என்று பட்டியல் போட்டால் இருபது தேறும். பிள்ளையோடு போகும்போது ஒரு நாளைக்கு ஒரே ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இடம் தானாக அமைந்தால் அது இலாபம்.

சவுத் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு நுழைவு இலவசம்; நேரத்தை முன்பதிவு செய்துகொண்டால் வரிசையில் காத்திருக்க வேண்டாம். உள்ளே நுழைந்ததும் 25 மீட்டருக்கு மேல் நீளமான நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு கூரையிலிருந்து பாய்ந்து வருவதுபோல் தொங்குகிறது. பக்கத்திலேயே அறிவியல் அரும்பொருளகம். அதன் அடித்தளத்தில் 3 முதல் 6 வயதுவரை உள்ளவர்களுக்கென்றே 'தி கார்டன்' என்ற பகுதி இருக்கிறது. தண்ணீரை அளைந்து விளையாடலாம், கட்டைகளை அடுக்கலாம். மழை நாளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

டிராஃபல்கர் சதுக்கத்தில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்ல ஏற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் துணை நின்றதற்கு நன்றியாக, நார்வேயின் ஓஸ்லோ நகரம் 1947லிலிருந்து ஆண்டுதோறும் ஒரு மரத்தை லண்டனுக்கு அனுப்பி வருகிறது. கடல் கடந்து வந்த அந்த மரத்தில் விளக்குகளை நார்வே வழக்கப்படி மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் தொங்கவிடுகிறார்கள். கூட்டுப் பாடல் குழுக்கள் அதன் அடியில் நின்று பாடும். பத்து நிமிடம் நின்று கேட்டாலே பண்டிகையின் வாசம் ஒட்டிக்கொள்ளும்.

ஹைட் பார்க்கில் நடக்கும் 'விண்டர் வொண்டர்லேண்ட்' கேளிக்கைச் சந்தையைப் பற்றிக் கேட்காத பிள்ளை இருக்காது. நுழைவதற்கு முன்பதிவு தேவை. இராட்டினம், பனிச்சறுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். வார இறுதி மாலையில் போனால் கூட்டத்தையும் பணப்பையையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வார நாள் முற்பகலில் போய், இரண்டு விளையாட்டு என்று வாசலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரீஜண்ட் ஸ்திரீட் ஹேம்லிஸ் பொம்மைக் கடைக்கும் அதே விதிதான். 1760ல் தொடங்கப்பட்ட நிறுவனம், ஏழு தளங்கள். ஊழியர்கள் பொம்மைகளை இயக்கிக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரே ஒரு பொம்மை, அதுவும் உன் பைக்குள் அடங்க வேண்டும் என்று உள்ளே போகுமுன் சொல்லிவிட்டால், ஆறாம் தளத்தில் அழுகைக் கச்சேரி இருக்காது.

நான்கு, ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் 'பாண்டோமைம்' நாடகம் ஒன்றைத் தவறவிடாதீர்கள். சிண்டரெல்லா, அலாவுதீன் போன்ற கதைகளைப் பாட்டும் கூத்துமாக நடிப்பார்கள். நம் தெருக்கூத்தைப்போலவே ஆண் பெண் வேடம் கட்டி வருவார். கட்டியங்காரன் பேசுவதுபோல் மேடையிலிருந்து பார்வையாளர்களோடு நேரடியாகப் பேசுவார்கள். வில்லன் பின்னால் வந்து நின்றால் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்திச் சொல்ல வேண்டும். சும்மா உட்கார் என்று யாரும் அதட்டாத அரங்கம் அது. பகல் காட்சியாகப் பார்த்து, வாரத்தின் பிற்பாதியில் பதிவு செய்யுங்கள்.

<b>25ஆம் தேதி ஊர் அடங்கிவிடும்</b>

நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடாத விஷயம் இது. சிங்கப்பூரில் கிறிஸ்துமஸ் நாளன்று ஆர்ச்சர்ட் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. லண்டனில் தலைகீழ். அன்று சுரங்க ரயிலும் ஓடாது, பேருந்தும் ஓடாது. பெரிய கடைகள் அன்று திறக்கக் கூடாது என்று 2004ல் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன இரு அரும்பொருளகங்களும் 24 முதல் 26 வரை மூடியிருக்கும்.

ஆகவே 23ஆம் தேதியே பால், ரொட்டி, முட்டை, பழம் எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். சிறு சமையலறை உள்ள தங்குமிடமாக இருந்தால் இரண்டு கைப்பிடி அரிசியும் பருப்பும் அன்றைக்குக் காப்பாற்றும். உறவினர் வீட்டுக்குப் போவதாக இருந்தால் முதல் நாள் இரவே போய்த் தங்கிவிடுவது நல்லது. எங்கேயும் போகாதவர்களுக்கும் அந்த நாள் வீணல்ல. வாகன இரைச்சல் ஓய்ந்த தெருக்களில் தள்ளுவண்டியோடு நடக்க ஆண்டில் அதுபோல் இன்னொரு நாள் லண்டனில் வாய்ப்பது அரிது.

<b>சோறும் காய்ச்சலும்</b>

மூன்று நாள் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்ற பிள்ளை நான்காம் நாள் சோறு கேட்கும். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் வட்டாரத்துக்கு ரயில் ஏறிவிடுங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகைகள், இட்லி, தோசை, இடியாப்பம், முருங்கைக்காய் எல்லாம் கண்ணில் படும். இலங்கைத் தமிழர்களும் தமிழகத்தவரும் வாழும் பகுதி அது. அங்குள்ள ஸ்ரீ முருகன் ஆலயத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டியிருக்கும் என்பதால் பிள்ளைக்கு இன்னொரு சோடி காலுறை எடுத்துச் செல்லுங்கள். திரையில் மட்டுமே பார்த்திருந்த பெரியம்மாவின் மடியில் உட்கார்ந்து என் மகள் ரசம் சோறு சாப்பிட்டது அந்த வட்டாரத்தில்தான்.

குளிர்காலம் அங்கே இருமல், சளிக்காய்ச்சல் காலம். சளிக்காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். பிள்ளைக்குப் பழகிய காய்ச்சல் மருந்து, வெப்பமானி இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். அவசரமில்லாத உடல்நலக் கேள்விக்கு 111. உயிருக்கு ஆபத்து என்றால் 999. 5 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் 111 இணையச் சேவையைப் பயன்படுத்த முடியாது. தொலைபேசியில் அழைத்தே பேச வேண்டும். பயணக் காப்புறுதியில் குழந்தையின் பெயரும் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

கூட்டத்தில் பிள்ளை கை நழுவினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். மேலங்கி பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். காலையில் கிளம்பும்போது அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண் எழுதிய தாள் பிள்ளையின் பைக்குள் இருக்கட்டும். "அம்மாவைக் காணோம் என்றால் நடக்காதே, நின்ற இடத்திலேயே நில்" என்று தினமும் சொல்லுங்கள்.

நுழைவு அனுமதி விஷயத்தில் ஒரு மாற்றம். 2025 ஜனவரியிலிருந்து சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் பிரிட்டன் செல்ல 'இடிஏ' எனும் மின்னியல் பயண அனுமதி பெற வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 16 பவுண்டாக உயர்ந்தது. விண்ணப்பிக்கும்போது பிரிட்டிஷ் அரசாங்க இணையத்தளத்தில் அப்போதைய கட்டணத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

<b>இந்த வயதில் எதற்கு?</b>

"நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது? பெரியவளானதும் கூட்டிட்டுப் போகலாமே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. அந்த வயதில் கண்டவற்றில் பெரும்பகுதி மறந்துதான் போகும். பணம் இறுக்கமாக இருந்தால் மூன்று ஆண்டு பொறுப்பதில் தவறே இல்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வண்டி வேண்டாம், பகல் தூக்கம் வேண்டாம், நாடகமும் முழுதாகப் புரியும்.

ஆனால் சில குடும்பங்களுக்குக் காத்திருக்க முடியாத காரணம் இருக்கும். அங்கே வயதாகிக்கொண்டிருக்கும் ஒரு பெரியம்மா, மாமா இருக்கலாம். அடுத்த ஆண்டு இரண்டாம் குழந்தை வரலாம். அப்படிப் போகிறவர்கள், எத்தனை இடம் பார்த்தோம் என்ற கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நாங்கள் பதினொரு நாளில் பார்த்தவை ஏழே இடங்கள். லண்டன் கோபுரத்தையும் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகளிடம் எது பிடித்தது என்று கேட்டால் பேருந்து மாடி, அணில், வாயிலிருந்து வந்த புகை என்று விரல் விட்டு எண்ணுகிறாள். மூன்றுமே காசில்லாமல் கிடைத்தவை.

இந்த ஆண்டு டிசம்பருக்குத் திட்டமிடுகிறவர்கள் நாடகம், 'விண்டர் வொண்டர்லேண்ட்' இரண்டையும் மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். மற்ற நாள்களை வெறுமனே விட்டு வையுங்கள். பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறது, எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதைப் பார்த்து அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம்.